ஈரல் பங்கு

ஒரு மனிதருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வரவில்லை என்றால் அது அவரை என்ன பாடு படுத்தும் என்பதை நான் கொல்லிமலையில்தான் பார்த்தேன். அந்த மலையை நாடு நாடாகப் பிரித்துச் சொல்வார்கள்; அதில் பைல் நாட்டில் ஒரு ஊருக்கு அவர் ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த் தலைவர். நான் அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியில் மூட்டையை ஆள் தலையில் ஏற்றிவிட்டு, பாதி ஏற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இந்த உத்தியோகம் தேவையா என்று என்னையே கேட்டுக்கொண்டு ஏறி வந்தவன் நான். மலைக் காய்ச்சலுக்குப் பயந்து என் மனைவி கூட வர மறுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல நன்றாகவே வந்தது.

கவுண்டருக்கு வராது. கீழ்நாட்டிலிருந்து வளையல்காரர் ஒருவர் வருஷத்தில் ஒரு நடை மலையேறுவார். கவுண்டர் வீட்டில் பெண்கள் யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகளை அடுத்த நாட்டில் கட்டிக் கொடுத்தாயிற்று. இருந்தும் அவர் வீட்டு விட்டத்தில் கண்ணாடி வளையல் சரம் சரமாகத் தொங்கும். காற்றடித்தால் கிலுகிலுவென்று சத்தம் போடும். இதெல்லாம் யாருக்கு என்று கேட்டால், "அம்புட்டு மேட்டுல சொமந்துட்டு வந்திருக்காரு. எப்படீங்க சாமி வேண்டாங்கறது?" என்பார். வளையல்காரர் ஒரு மூட்டை மிளகோடு இறங்கிப் போவார்.

நான் போடும் காப்பியை நானே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பேன். அவர் நிதானமாகக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைப்பார். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்றால் "ஊத்துங்க சாமி" என்பார். பிடித்துத்தான் குடிக்கிறாரா என்று எனக்குக் கடைசி வரை தெரியாது.

இப்படிப்பட்டவர் எப்படிப் பஞ்சாயத்துப் பண்ணினார் என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டிருக்கிறேன். அவருடைய முறையே தனி. இரண்டு கட்சியும் பேசும். இவர் இரண்டு பேருக்கும் தலையாட்டுவார். அவர்கள் கத்துவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள், செத்துப்போன பாட்டன் பேரை இழுப்பார்கள். இவர் ஒருவரையும் தடுக்க மாட்டார். பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பக்கமும் தொண்டை வறண்டு, யார் மேல் தப்பு என்று அவர்களுக்கே தெரிந்து போயிருக்கும். அப்போது மெதுவாக ஒரு வார்த்தை சொல்வார். அதுதான் தீர்ப்பு.

ஆனால் சொன்னதோடு தீர்ப்பு முடியாது. தப்புச் செய்தவன் ஒரு கடா கொடுக்க வேண்டும். கடாவை அங்கேயே அறுத்து, ஈரலை மட்டும் தனியாக எடுத்து, உப்பும் மிளகும் தடவி நெருப்பில் சுடுவார்கள். அதில் பாதியை ஒரு கட்சி தன் கையால் ஊர்க்கவுண்டர் வாயில் கொடுக்கும். மீதிப் பாதியை எதிர்க் கட்சி கொடுக்கும். அவர் சபை முன்னால் தின்று முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சண்டையை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. அவர் தின்னவில்லை என்றால் அன்று பேசியது பேச்சே இல்லை.

"ரெண்டு பேரு சண்டையும் எம் வயித்துக்குள்ள போயிருதுங்க சாமி. அப்பறம் அவுங்களுக்கு எங்க இருக்குது சண்டை?" என்று சிரிப்பார்.

வயிற்றுக்குள் போன சண்டை அங்கேயே இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி இருந்திருக்காது. அது அவருடைய வலது கால் கட்டைவிரலுக்கு வந்து சேர்ந்தது.

முதல் தடவை அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். விரலின் அடிமூட்டு தக்காளிப் பழம் போலச் சிவந்து வீங்கிப் பளபளத்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை, பேதி உப்பு, டிங்சர், கட்டு. முள் ஏறிச் சீழ் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். விரலை அழுத்தி அழுத்தி முள்ளைத் தேடினேன். கிடைக்காத கோபத்தில் சூடாகக் களி கிண்டி வைத்து இறுக்கிக் கட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த நோவில் மேலே துணி பட்டாலே உயிர் போகும் என்று. அவர் இரண்டு கண்ணிலும் தண்ணீர் ஓட உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதுங்களா கவுண்டரே?"

"நீங்க பாட்டுக்குக் கட்டுங்க சாமி. பரவாயில்லீங்க."

அவருடன் வந்தவர்கள் குலசாமி குத்தம் என்றார்கள். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அந்த மலையில் மருந்து வைப்பது என்றால் என் அலமாரியில் இருக்கிற மருந்து இல்லை. சோற்றில் கறியில் கலந்து கொடுத்து ஆளை முடக்குவது. அதற்கு அவர்கள் காய்ச்சலைவிட அதிகமாகப் பயந்தார்கள்.

அந்தச் சமயம் பெரிய டாக்டர் டிஸ்பென்சரியைப் பார்வையிட டோலியில் ஏறி வந்தார். கவுண்டரின் காலைப் பார்த்தார். கிட்டப் போனாரே தவிர விரலால் தொடவில்லை. "முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை. இது கௌட். ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் வருகிற வியாதி ஆயிற்றே" என்று சொல்லி, கவுண்டரின் கோவணத்தையும் தோளில் கிடந்த கம்பளியையும் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு என்ன சாப்பிடுவாய் என்று கேட்டார்.

"சாமைச் சோறுங்க. மொச்சைக் கொழம்புங்க."

"கறி?"

"நோம்பி நொடிக்குத்தானுங்க."

டாக்டர் குழம்பினார். நான்தான் ஈரல் விஷயத்தைச் சொன்னேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றார். "சண்டைக்குச் சண்டைங்க" என்றார் கவுண்டர். அந்த வருஷம் மழை சரியாக இல்லை. மழை இல்லாத வருஷத்தில் சண்டைக்குக் குறைவிருக்காது. பஞ்சாயத்து முடிந்த கையோடு சாராயமும் உண்டு.

டாக்டர் நல்லவர், பொறுமையாகச் சொன்னார். ஈரல், மூளை, குண்டிக்காய் இந்த மாதிரிக் கறியெல்லாம் உடம்பில் கரையும்போது யூரிக் ஆசிட் என்று ஒரு சரக்கு உண்டாகிறது. உப்பு மாதிரி என்று வைத்துக்கொள். மூத்திரத்தில் அது போய்விட வேண்டும். சில பேர் உடம்பு அதைச் சரியாக வெளியே தள்ளாது. பிறவி வாகு அப்படி. சாராயம் குடித்தால் இன்னும் மோசம். மிஞ்சினது ரத்தத்தில் சுற்றிச் சுற்றி வந்து, உடம்பில் எந்த இடம் குளிர்ந்திருக்கிறதோ அங்கே ஊசி ஊசியாகப் படியும். கால் விரலைவிடக் குளிர்ந்த இடம் ஏது? அதுவும் இந்த மலையில்? ஊசி குத்தினால் மூட்டு வீங்காமல் என்ன செய்யும்?

எனக்கு ஒரு குப்பி கால்சிகம் டிங்சர் கொடுத்தார். வலி வரும்போது தண்ணீரில் சில சொட்டு, வயிறு போக ஆரம்பித்தால் உடனே நிறுத்து, இது விஷ மருந்து, நீயே கையால் ஊற்றிக் கொடு என்று எச்சரித்தார். "ஆனால் இது வலியைத்தான் தணிக்கும். உப்பு சேராமல் இருக்க வேண்டும் என்றால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சாராயத்தை விட வேண்டும், ஈரலைத் தொடக் கூடாது. இல்லாவிட்டால் ஒவ்வொரு மூட்டாகப் போகும்" என்றார்.

"புரிந்ததா?" என்று கவுண்டரைக் கேட்டார்.

"சரிங்க சாமி."

நானும் நம்பிவிட்டேன். அவர் யாருக்குத்தான் சரி என்று சொல்லவில்லை?

சாராயத்தை உண்மையிலேயே விட்டுவிட்டார். அது அவருக்குக் கஷ்டமாகவே இல்லை. குடுவை குடுவையாகத் தண்ணீரும் குடித்தார். ஈரலை மட்டும் விட முடியவில்லை. எனக்கும் சரி என்பார், ஈரலை நீட்டுகிற கைக்கும் வாயைத் திறப்பார். அடுத்த நாள் விடியும்போது கால் வீங்கியிருக்கும். நான் குப்பியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். வாயில் பட்டும் படாமலும் வைத்துவிட்டுத் துப்பிவிடக் கூடாதா என்று ஒருநாள் சண்டை போட்டேன். நான் ஏதோ திருடச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

"முழுங்கோணுமுங்க சாமி. இல்லீனா அந்தச் சண்டை வெளியதான கெடக்கும்?"

இப்படியே போய், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாதத்தில் மூன்று நான்கு மூட்டுகள் ஒன்றாக வீங்கிவிட்டன. இரண்டு பாதமும் முழங்காலும் தூக்க முடியாமல் கிடந்தார். மூடுபனியில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் போனபோது அடுப்பு அணைந்து சாம்பலாகியிருந்தது. அவர் பாயில் இல்லை. பானைக்கும் பாய்க்கும் நடுவில் மண் தரையில் குப்புறக் கிடந்தார். கை மட்டும் முன்னால் நீட்டியிருந்தது.

"தண்ணி மொள்ளலாம்னு வந்தனுங்க. பான தூரமாப் போயிருச்சுங்க சாமி" என்றார்.

பானை எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. அவர் தலையை என் மடியில் எடுத்து வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு அவர்மேல் இரக்கமும் ஆத்திரமும் ஒரே நேரத்தில் வந்தன. இன்னொரு தடவை ஈரல் தின்றால் நான் குப்பியைப் பாறையில் போட்டு உடைத்துவிட்டு மலை இறங்கிவிடுவேன் என்று கத்தினேன். அவர் மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தார். பிறகு சரிங்க என்றார். இந்தச் சரி வேறு மாதிரி இருந்தது. எனக்குக் கேட்டவுடனே தெரிந்தது.

அடுத்த பஞ்சாயத்துக்கு நானும் போய் உட்கார்ந்தேன். வேலியோரத்துப் பலாமரம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு. வழக்கம்போலப் பேசி, வழக்கம்போல முடிந்தது. தோற்ற வீட்டின் கிழவி சுட்ட ஈரலை இலையில் ஏந்தி வந்து ஒரு துண்டை எடுத்து அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். கிழவியின் கை அப்படியே நின்றது. ஈரலின் சாறு வழிந்து அவள் மணிக்கட்டில் இறங்கியது.

"ஏனுங்க, வாயத் தொறங்க."

அவர் அசையவில்லை.

"எங்கூட்டுக் கையில மருந்து இருக்குதுன்னு நெனச்சுப்போட்டீங்களா?" என்றாள் கிழவி. சபையில் சலசலப்பு எழுந்தது. கொடுத்ததைத் தின்ன மறுத்தால் அந்த மலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். உன் வீட்டில் என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் எழுந்து நின்று விளக்கம் சொன்னேன். டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரத்தத்தில் ஒரு உப்பு சேர்ந்திருக்கிறது என்று சொன்னபோது பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "எல்லாரு ரத்தத்துலயும் உப்புத்தானுங்க இருக்குது. வெரல் அறுபட்டா வாயில வெச்சுப் பாக்கறதில்லீங்களா?" சபை அதை ஒப்புக்கொண்டது. என் சர்க்கார் உத்தியோகம், மருந்து, கோட்டு எல்லாம் அந்த ஒரு கேள்வியில் போயிற்று.

அன்று தீர்ப்பு அந்தரத்தில் தொங்கியது. கடைசியில் யாரோ சொல்ல, கவுண்டரின் தம்பி மகன் முன்னால் வந்து வாயைத் திறந்தான். கிழவி அவனுக்கு ஊட்டினாள். எதிர்க் கட்சியும் ஊட்டியது. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். கவுண்டர் தம்பி மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் நன்றாக மென்று விழுங்கினான்.

அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. விரட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். வழியில் கண்டால் ஒதுங்கி நின்றார்கள், கும்பிட்டார்கள். ஆனால் தின்னாத ஆளை வைத்துப் பஞ்சாயத்து எப்படிப் பண்ணுவது? தம்பி மகனைக் கூப்பிட்டார்கள். பஞ்சாயத்துக்குக் கூப்பிடாதவரை நோம்பி விருந்துக்கு யார் கூப்பிடுவார்கள்? வந்தால் கறி வைக்க வேண்டும், வைத்தால் தின்ன மாட்டார், எதற்கு வீண் சங்கடம் என்று விட்டுவிட்டார்கள். வளையல்காரர்கூட அந்த வருஷம் தம்பி மகன் வீட்டில்தான் மூட்டையை இறக்கினார்.

கால் மட்டும் நாளுக்கு நாள் தேறியது. வீக்கம் வடிந்து, விரல் பழையபடி மடங்கியது. காலுக்கு அது நல்ல வருஷம்.

ஒவ்வொரு சந்தை நாளும் கவுண்டர் டிஸ்பென்சரிக்கு வந்துவிடுவார். பெஞ்சியில் உட்கார்வார். என்ன செய்கிறது என்று கேட்டால் ஒருநாள் முதுகு என்பார், இன்னொரு நாள் காது என்பார். ஒருநாள் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "என்னமோ இருக்குதுங்க சாமி" என்றார். நான் நாடி பார்ப்பேன். அதில் ஒன்றும் இருக்காது. சோடா உப்பைத் தண்ணீரில் கலந்து கொடுப்பேன். குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். எங்களுக்குள் பேச என்ன இருந்தது? அவருக்கு என் ஊர் தெரியாது. எனக்கு அவர் வெள்ளாமை தெரியாது. இரண்டு பேரும் மூடுபனி மரங்களை ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

"இன்னைக்கு எந்த ஊட்டுலயோ பொகை வருதுங்களே" என்பார். ஈரல் சுடும் புகை அவருக்கு எட்டத்திலிருந்தே தெரியும்.

"யார் வீடு?"

"தெரியலீங்க. யாரும் சொல்லலீங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் சந்தை நாள் வந்தால் நான் காலையிலேயே முகம் மழித்துக்கொள்வேன். காப்பிக்குக் கூடத் தண்ணீர் வைப்பேன். அந்த மலையில் என்னைப் பார்ப்பதற்கென்று வருகிற ஒரே மனிதர் அவர். மற்றவர்கள் காய்ச்சலுக்காக வந்தார்கள். மனைவியிடமிருந்து வருகிற கடிதத்தில் மாட்டுக்குத் தவிடு வாங்கியதுதான் இருக்கும். அவர் எழுந்து, "வாரனுங்க சாமி" என்று கம்பளியை உதறிப் போட்டுக்கொண்டு போனால், அடுத்த சந்தை நாள் எப்போது என்று இருக்கும் எனக்கு.

பிறகு ஒருநாள், அது சந்தை நாள்கூட இல்லை, மத்தியானத்தில் இரண்டு ஆட்கள் கயிற்றுக் கட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். அண்ணன் தம்பிகள். வாய்க்கால் தண்ணீருக்காக மண்வெட்டியால் வெட்டிக்கொண்டு முன்பு வந்தபோது, ஒருவன் மண்டையையும் இன்னொருவன் தோளையும் நானே தைத்து அனுப்பியிருந்தேன். கட்டிலில் கவுண்டர் படுத்திருந்தார். வலது பாதம் கணுக்கால் வரை வீங்கியிருந்தது.

"ஈரல் தின்னீங்களா?"

"தின்னனுங்க."

"எவ்வளவு?"

"ரெண்டு பக்கமும் குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் வாங்கித்தானுங்க ஆகோணும்."

தம்பிக்காரன் பயந்துபோய்ச் சொன்னான்: "இவரு தம்பி மகன் தின்னதுக்கு எங்கண்ணன் கட்டுப்படலீங்க. அவனும் எங்கள்ல ஒருத்தன்தானுங்களே. மறுக்காவும் வெட்டுக்குப் போயிட்டம். அப்பறந்தான் இவருகிட்டப் போனமுங்க. நாங்க தின்னச் சொல்லலீங்க. அவரே வாயத் தொறந்தாரு."

அண்ணன்காரன் கவுண்டரின் கால் மேல் ஈ உட்காராமல் இலையால் விசிறிக்கொண்டிருந்தான். கை கொஞ்சம் தாழ்ந்தபோது தம்பி, "பட்டுரும்ண்ணா, பாத்து" என்றான். வெட்டுப்பட்டவன் வெட்டினவனிடம் அப்படிப் பேசுவதை அப்போதுதான் கேட்டேன்.

சொட்டு மருந்தைக் கலந்து கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். வலியில் உதடு கோணியிருந்தது. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் நான் பார்க்காத தெளிவு கண்ணில் இருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"கால் எவ்வளவு நல்லா இருந்துச்சு. எல்லாம் போச்சுங்களே கவுண்டரே."

"நல்லாத்தானுங்க இருந்துச்சு. நடந்து போறதுக்குத்தான் ஒரு ஊடு இல்லாமப் போச்சுங்க சாமி."

"இங்கே வந்துட்டு இருந்தீங்களே" என்றேன். சொல்லிய பிறகுதான் என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே தெரிந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் தொட மாட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன். அதட்டிக் கேட்டேன், பிறகு கெஞ்சியே கேட்டேன். எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லுகிறவர், அன்று ஒரு சரிகூடச் சொல்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெயில் தாழ்ந்ததும் அண்ணனும் தம்பியும் கட்டிலைத் தூக்கினார்கள்.

அடுத்த சந்தை நாளில் அவர் வரவில்லை. கால் வலி இருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த சந்தைக்கும் வரவில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்த அவர் ஊர்க்காரர் ஒருவரிடம், கவுண்டருக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"தேவலைங்க. கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்குறாருங்க. நேத்துக்கூட வாசலூர்பட்டிப் பக்கம் ஒரு பஞ்சாயத்துன்னு கூட்டிட்டுப் போனாங்க."

அவர் ஊரிலிருந்து வாசலூர்பட்டிக்குப் போகிற பாதை டிஸ்பென்சரி வாசலை ஒட்டித்தான் போகும். நேற்று முழுக்க நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேதான் இருந்தேன்.